கூண்டில் வராத சொல்

அலிக் புக்கன் தலையாட்டியதை நான் பார்த்தேன். அந்த வழக்கு முழுவதும் அந்தத் தலையாட்டலில்தான் நின்றது. அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஜூன் மாதம், திங்கட்கிழமை, மீன் தொழிற்சாலையில் இரவு ஷிஃப்டின் முதல் அரைமணி. எங்கள் கரையில் ஜூனில் பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும். வில்மா டூதி மீன் தலை வெட்டும் மெஷினில் நின்றிருந்தார். நான் அவருக்கு இடப்பக்கம், வெட்டிய ஹாடக் மீன்களை ஐஸ் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். ஃபோர்மேன் அலிக் எங்கள் பின்னால் வந்தபோது வில்மா திரும்பாமலே சொன்னார்:

“அலிக், இந்தப் பெடல் ஒட்டுது. கால எடுத்த பெறவும் பிளேடு சுத்துது. உன்னத்தான் லிப்பன் பண்றேன்.”

அலிக் தலையாட்டிவிட்டுப் போனார். எட்டு நாள் கழித்து, செவ்வாய்க்கிழமை, அந்தப் பிளேடு வில்மாவின் இடதுகையில் இரண்டு விரல்களை எடுத்துக்கொண்டது.

இடைப்பட்ட எட்டு நாளில் வில்மா அதைப் பற்றி மறுபடி வாய் திறக்கவில்லை. கதவருகே ஆணியில் கோளாறு நோட்டு ஒன்று தொங்கும், பென்சில் கட்டி. அதிலும் எழுதவில்லை. வெளியூர்க்காரர்களுக்கு இது மடத்தனமாகத் தெரியும். எங்களுக்கு அது வேறு விஷயம். லிப்பன் என்பதை ஒருவரிடம் ஒருமுறைதான் சொல்ல முடியும். நம்புகிறேன் என்று மட்டும் அதற்குப் பொருள் இல்லை. இந்தக் காரியத்தை உன் கையில் வைத்துவிட்டேன், இனி இது உன்னுடையது, நான் திரும்பிப் பார்க்கமாட்டேன் என்று பொருள். படகில் சுக்கானை அடுத்தவனிடம் கொடுத்துவிட்டுத் தூங்கப் போகிறவன் சொல்வது. சொல்லிவிட்டுப் போனவன் நடுவில் எழுந்து வந்து எட்டிப் பார்க்கக் கூடாது. என் அப்பா ஒருமுறை எட்டிப் பார்த்தார். சுக்கானைப் பிடித்திருந்த சித்தப்பா அடுத்த துறைமுகத்தில் பையை எடுத்துக்கொண்டு இறங்கி வேறு படகுக்குப் போய்விட்டார். பதினோரு வருடம் பேசவில்லை. பெடலைப் பற்றி வில்மா நோட்டில் எழுதியிருந்தால் அலிக்கை எல்லோர் முன்னாலும் பொய்யன் என்று சொன்னது போல. அலிக் அவருடைய பெரியப்பா மகன் வேறு.

இழப்பீடு கேட்டதற்குக் கம்பெனியின் பதில் ஆகஸ்டில் வந்தது. கோளாறு பற்றி யாரும் புகார் செய்யவில்லை. நோட்டில் பதிவு இல்லை. கோளாறு இருப்பது தெரிந்தே அந்த அம்மாள் எட்டு நாள் வேலை செய்திருக்கிறார், எனவே தவறு அவருடையது. வில்மா அந்தக் கடிதத்தை எனக்குப் படித்துக் காட்டினார். இழப்பீடு கிடைக்காதது அவரை அவ்வளவாகப் பாதித்ததாகத் தெரியவில்லை. அவரைச் சுட்டது ஒரே ஒரு வரி.

“சொல்லலைன்னு எழுதிருக்கான் பாரு. சொல்லாம எட்டு நாளு அதுல கைய விட்டேனாம். அப்ப நான் என்ன, லூசா? நான் சொன்னேன்னு ஒருத்தர் எழுதிக் குடுக்கணும் எனக்கு. கோர்ட்டு எழுதிக் குடுக்கட்டும்.”

அவருக்கு வேண்டியது அவ்வளவுதான். தான் சொன்னதாகத் தீர்ப்பில் ஒரு வரி. அதைக் கேட்டவர்கள் உலகத்தில் இரண்டே பேர். ஒருவர் அலிக். இன்னொருவன் நான்.

தொழிற்சாலையில் என்னைப் புரொஃபசர் என்று கூப்பிடுவார்கள். அபர்டீனில் இரண்டு வருடம் மொழி வரலாறு படித்தேன். மூன்றாம் வருடம் போகவில்லை. காரணம் பெரிதாக ஒன்றுமில்லை, காலையில் எழுந்திருக்க முடியவில்லை. இரவு ஷிஃப்டுக்கு அது ஒரு தகுதி. பன்னிரண்டு வருடமாக மீன் அடுக்குகிறேன். படித்ததில் உருப்படியாக எதுவும் மிஞ்சவில்லை. ஆனால் வில்மாவின் வழக்கு ஒரு சொல்லின் மேல் நிற்கிறது என்று புரிந்ததும் எனக்குள் ஏதோ விழித்துக்கொண்டது. இந்த ஒரு காரியத்துக்காகத்தான் அந்த இரண்டு வருடமும் என்று நினைத்தேன். அப்படி நினைத்தது தப்பு.

ஷிஃப்ட் முடிந்து தூங்காமல் நூலகத்துக்குப் போவேன். பெரிய அகராதிகள் கண்ணாடி அலமாரியில் இருக்கும், கேட்டால் எடுத்துத் தருவார்கள். லிப்பன் எண்ணூறு வருடத்துக்கு முன்பே எழுத்தில் இருக்கிறது. அப்போது இங்கிலாந்துக்காரர்களும் அதை எழுதினார்கள். பிறகு அவர்கள் கைவிட்டுவிட்டார்கள், நாங்கள் வைத்துக்கொண்டோம். முதலில் நம்புவது என்ற பொருள். ஆண்டவனை லிப்பன் பண்ணு என்று பாதிரிமார் பிரசங்கித்திருக்கிறார்கள். அடுத்து, எதிர்பார்ப்பது. இன்று மழை வரும் என்று லிப்பன் பண்ணுகிறேன் என்று யாரோ ஒரு விவசாயி கடிதம் எழுதியிருக்கிறார். மூன்றாவது, ஒப்படைப்பது. குழந்தையை, சாவியை, ஒரு ரகசியத்தை ஒருவர் பொறுப்பில் விடுவது. மூன்று பொருளும் ஒன்றிலிருந்து ஒன்று முளைத்தவை. எது முந்தியது என்று சண்டை போடலாம், எனக்கு அந்த ஆசை இருந்தது.

வேர் என்ன என்ற இடத்தில்தான் எரிச்சல். எல்லா அகராதியிலும் ஒரே வாக்கியம்: தோற்றம் தெளிவாகத் தெரியவில்லை. அக்கம்பக்கத்து மொழிகளில் நம்பிக்கைக்கு இருக்கும் சொல்லோடு தொடர்பு இருக்கலாம் என்று ஒருவர் ஊகித்திருந்தார். இன்னொருவர் அதை ஒரே வரியில் தள்ளியிருந்தார். எண்ணூறு வருடம் ஜனங்கள் வாயில் புழங்கிய சொல், எங்கிருந்து வந்தது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. கண் எரிய மூன்று வாரம் உட்கார்ந்து நாலு பக்கம் எழுதினேன்.

வில்மாவின் வக்கீல் மிஸ் லேங் அபர்டீனிலிருந்து வருபவர், முப்பது வயதுக்குள் இருப்பார், எப்போதும் ஈரக் குடையோடு. நாலு பக்கத்தையும் மரியாதையாகப் புரட்டிவிட்டு மேஜை ஓரத்தில் வைத்தார். நீங்கள் நிபுணராக வரவில்லை, பக்கத்தில் நின்றவராக வருகிறீர்கள் என்றார். வில்மா என்ன சொன்னாரோ அதை, அவர் சொன்ன அதே வார்த்தையில், கூண்டில் ஏறிச் சொன்னால் போதும். அது என்ன வார்த்தை என்று ஷெரிஃப் கேட்பார். ஷெரிஃப் என்றால் எங்கள் நீதிபதி. அப்போது ஒரே வாக்கியத்தில் பொருள் சொல்லுங்கள். சொல் உள்ளே வந்துவிட்டால் மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன். சொல் வராவிட்டால் என்னிடம் எதுவும் இல்லை.

அதே வார்த்தைதானே, சொல்லிவிடலாம் என்றேன். இதைவிட எளிதான வேலை எனக்கு யாரும் கொடுத்ததில்லை.

வில்மாதான் எனக்குக் கவலையாக இருந்தார். விசாரணைக்கு முந்தின வாரம் ஷிஃப்ட் முடிந்து நேரே அவர் வீட்டுக்குப் போனேன். உப்பு வெண்ணெய் ரொட்டியைச் சூடாக்கி வைத்தார். இடதுகையில் மிச்சமிருந்த விரல்களால் தட்டைத் தள்ளினார். அலிக்கிடம் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். ரொட்டியை மென்றுகொண்டே அப்படியே சொன்னார், ஒரு எழுத்து மாறாமல். சரி, இப்போது நான்தான் ஷெரிஃப், அலிக்கிடம் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

வில்மா ரொட்டியைக் கீழே வைத்தார். வாயைத் துடைத்தார். முதுகு நிமிர்ந்தது. குரல் எங்கோ மேலே போனது.

“மிதிகட்டையின் நிலை குறித்துத் திரு. புக்கனிடம் போகிற போக்கில் குறிப்பிட்டேன், ஐயா.”

நான் மேஜையில் நெற்றியை வைத்துக்கொண்டேன்.

“என்னடா இப்ப?”

“வில்மா, யாரு பேசினது இப்ப? வானொலியா?”

“பின்ன ஷெரிஃப்கிட்ட மீன் சந்தையில பேசற மாதிரி பேசச் சொல்றியா? நீ எந்த ஊர்ல வளந்த?”

அரைமணி நேரம் முட்டிக்கொண்டேன். நாலு தடவை ஷெரிஃபாக இருந்தேன். நாலு தடவையும் அவர் முதுகை நிமிர்த்தி வேறு ஒரு பெண்மணியாக மாறினார். கடைசித் தடவை அந்தப் பெண்மணி கம்பெனிக்குத் தொந்தரவு கொடுத்ததற்காக மன்னிப்பும் கேட்டார். பள்ளிக்கூடத்தில் ஊர்ப் பேச்சு பேசியதற்கு உள்ளங்கையில் தோல்வாரால் அடி வாங்கியதாகச் சொன்னார், ஏதோ போன வாரம் வாங்கியதைப் போல. அடி வாங்கினால் மறந்துவிடுவார்கள் என்று நினைத்தார்களோ என்னவோ. யாரும் மறக்கவில்லை. எங்கே பேசக் கூடாது என்று மட்டும் கற்றுக்கொண்டார்கள்.

கிளம்பும்போது வாசல் வரை வந்தார். மழை தூறிக்கொண்டிருந்தது.

“நான் சொதப்பினாலும் நீ இருக்கல்ல. நீ படிச்சவன், ஒனக்கு வெக்கம் கெடையாது. கீத், உன்னத்தான் லிப்பன் பண்றேன்.”

நான் தலையாட்டினேன்.

அதன் பிறகு அவர் என்னிடம் வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தெருவில் பார்த்தால் மழையைப் பற்றிப் பேசினார்.

விசாரணை அக்டோபரில், பக்கத்து ஊர் நீதிமன்றத்தில். வழக்குத் தொடுத்தவர் என்பதால் வில்மா உள்ளே இருந்தார். சாட்சிகள் தங்கள் முறை வரும்வரை உள்ளே போகக் கூடாது. எங்களுக்கென்று ஒரு சின்ன அறை, ஹீட்டர் ஒன்று, நாற்காலி ஆறு. நானும் அலிக் புக்கனும் மட்டும். அலிக் கல்யாணத்துக்குப் போடும் சூட்டில் இருந்தார். வழக்கைப் பற்றிப் பேசக் கூடாது என்று காவலர் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

அரைமணி நேரம் கானாங்கெளுத்தி வரத்தைப் பற்றியும், ஞாயிற்றுக்கிழமை தோற்ற கால்பந்துக் குழுவைப் பற்றியும் பேசினோம். அலிக் தன் தொப்பியை முழங்காலில் சுற்றிக்கொண்டே இருந்தார்.

“மெக்கானிக் வெள்ளிக்கெழம வர்றதா இருந்தான்,” என்றார் தரையைப் பார்த்து. “வரல. சனிக்கெழம எம் மக கல்யாணம். திங்கக்கெழம நானே போயிப் பாக்கலாம்னு இருந்தேன். மறந்துட்டேன்டா.”

தொப்பி இன்னொரு சுற்றுச் சுற்றியது.

“அவ இன்னொரு வாட்டி சொல்லிருக்கலாம்.”

“சொல்லிருந்தா நீங்க அவங்ககூடப் பேசிருப்பீங்களா?”

யோசித்தார். “மாட்டேன்.”

“அவங்க லிப்பன் பண்ணது ஒங்களுக்குத் தெரியும்.”

“என்னடா கேள்வி இது? எங்கிட்டதான லிப்பன் பண்ணா. நான் இல்லன்னு எங்கயாச்சும் சொன்னனா? அவ மொகத்தப் பாத்து சொல்லுவேன், எந்த நேரமும் சொல்லுவேன். லிப்பன் பண்ணா, நான் தலையாட்டினேன், செய்யல.”

அந்த அறையில் அதைவிடத் தெளிவாக யாரும் எதையும் சொல்லியிருக்க முடியாது. வழக்கு முடிந்துவிட்டது. கதவின் மறுபக்கம் எட்டடி தள்ளி அதைச் சொன்னால் போதும்.

“இதையே உள்ள சொல்லுங்க அலிக். இப்பச் சொன்ன மாதிரியே.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பேன்டைக் கழற்றிவிட்டு உள்ளே போங்கள் என்று நான் சொன்னது போல இருந்தது அந்தப் பார்வை.

“கேட்டா உண்மையச் சொல்லுவேன். பைபிள் மேல கைய வச்சிட்டுப் பொய் சொல்றவன் இல்ல நான். ஆனா அங்க போயி எப்படிடா இதெல்லாம்.”

அப்போது என் பெயரைக் கூப்பிட்டார்கள்.

உள்ளே வெளிச்சம் அதிகம். ஷெரிஃப் அறுபது வயதுப் பெண்மணி, வெள்ளைப் பொய்முடி, கையில் பேனா. வில்மா முன்வரிசையில் கையுறை போட்டு உட்கார்ந்திருந்தார், இடதுகையின் மேல் வலதுகை. சத்தியம் செய்தேன். பெயர் சொன்னேன், வேலை சொன்னேன். எங்கே நின்றேன், எவ்வளவு தூரம், மெஷின் சத்தத்தில் கேட்டதா என்று மிஸ் லேங் ஒவ்வொன்றாகக் கேட்டார். கேட்டது என்றேன். அப்புறம் அந்தக் கேள்வி. திருமதி டூதி என்ன சொன்னார்?

என் முதுகு நிமிர்ந்ததை நான் உணர்ந்தேன்.

“மிதிகட்டை கொஞ்சம் ஒட்டுவதாகவும், அந்த விஷயத்தைத் திரு. புக்கனிடம் விட்டுவிடுவதாகவும் தெரிவித்தார்.”

சொல்லி முடித்த பிறகுதான் கேட்டது யார் குரல் என்று யோசித்தேன். என் குரல்தான். அபர்டீனில் முதல் வருட வாய்மொழித் தேர்வில் பேசிய குரல். மிஸ் லேங்கின் முகத்தில் எதுவும் மாறவில்லை, ஆனால் அவர் கையிலிருந்த காகிதம் அசையாமல் நின்றது. அவர் பயன்படுத்திய சொற்கள் அவைதானா, அதே சொற்களைச் சொல்ல முடியுமா என்று கேட்டார்.

வாயைத் திறந்தேன். ஷெரிஃப் பேனாவைத் தூக்கிக் காத்திருந்தார். சுருக்கெழுத்துக்காரர் காத்திருந்தார். எதிர்த்தரப்பு வக்கீல், எடின்பரோக்காரர், லேசாகத் தலை சாய்த்துப் புன்னகைத்தார். அதில் வன்மம் எதுவும் இல்லை.

“அவர் ஒரு வட்டாரச் சொல்லைப் பயன்படுத்தினார். பொருள் ஒன்றுதான்.”

பொருள் ஒன்றுதான். மூன்று வாரம் நூலகத்தில் உட்கார்ந்தவன் சொன்னான் இதை. நாலு பக்கம் எழுதியவன். அந்தச் சொல்லை வேறு எந்தச் சொல்லாலும் ஈடுகட்ட முடியாது என்று மூன்றாம் பக்கத்தில் அடிக்கோடு போட்டிருந்தேன்.

மிஸ் லேங் மறுபடி ஏதோ கேட்க எடுத்தார். ஷெரிஃப் கையை உயர்த்தி, சாட்சி கருத்தைத் தெளிவாகவே சொல்லிவிட்டார், வட்டார வழக்கைச் சொல்லச் சொல்லி அவரைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்றார். அன்பாகத்தான் சொன்னார். எனக்கு நிம்மதியாக இருந்தது. அதை மறைத்துப் பயனில்லை. மிகவும் நிம்மதியாக இருந்தது.

எதிர்த்தரப்பு வக்கீல் மூன்று கேள்வி கேட்டார். கொஞ்சம் ஒட்டியது என்றுதானே சொன்னார்? ஆமாம். எதையும் செய்யும்படி கேட்டாரா? கேட்கவில்லை. பதற்றமாக இருந்தாரா? இல்லை, அமைதியாக இருந்தார். எல்லாம் உண்மை. அவர் நன்றி சொல்லி உட்கார்ந்தார்.

சாட்சி சொல்லி முடித்தவர்கள் உள்ளேயே உட்காரலாம். கடைசி வரிசையில் உட்கார்ந்து அலிக்கைக் கேட்டேன். அவருக்கும் முதுகு நிமிர்ந்தது. முறையான புகார் எதுவும் தன்னிடம் அளிக்கப்படவில்லை என்றார். மிதிகட்டையைப் பற்றி அந்த அம்மையார் ஏதோ பொதுவாகச் சொல்லியிருக்கக் கூடும் என்றார். அந்த அம்மையார் அவருக்குத் தங்கை முறை. சின்ன வயதில் ஒரே கட்டிலில் தலைமாற்றிப் படுத்தவர்கள். மிஸ் லேங் எழுந்து, திருமதி டூதி லிப்பன் என்ற சொல்லைப் பயன்படுத்தினாரா என்று நேரடியாகவே கேட்டார். அந்த நாள் முழுவதும் அந்தச் சொல் அந்த அறைக்குள் வந்தது அப்போதுதான். எடின்பரோக்காரர் எழுந்தார். அப்படி ஒரு சொல் இதுவரை எந்தச் சாட்சியத்திலும் இல்லை, அந்த அம்மாளே சொல்லவில்லை, அவருடைய சாட்சியும் சொல்லவில்லை, இப்போது வக்கீல் எங்கிருந்து கொண்டுவருகிறார் என்றார். ஷெரிஃப் தன் குறிப்பைப் புரட்டிப் பார்த்தார். இல்லைதான் என்றார். மிஸ் லேங் உட்கார்ந்தார்.

அலிக் கூண்டிலேயே நின்றிருந்தார். அவர் உதடு அசைந்ததாக எனக்குப் பட்டது. கேட்டால் சொல்லியிருப்பாரா என்று தெரியாது. கேள்வி போய்விட்டது.

திரும்பி வரும் பஸ்ஸில் வில்மா என் பக்கத்தில்தான் உட்கார்ந்தார். நாலு நிறுத்தம் வரை கையுறையின் காலி விரல்களை நீவிக்கொண்டிருந்தார். கடல்மூட்டம் இறங்கிச் சாலை தெரியவில்லை. காலையில் அவர் கூண்டில் என்ன சொன்னார் என்று நானாகத்தான் கேட்டேன். என் வீட்டு மேஜையில் சொன்னதைத்தான் சொன்னேன் என்றார், போகிற போக்கில் குறிப்பிட்டதாக. நீ பின்னால் வந்து சொல்லிக்கொள்வாய் என்று இருந்தேன் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு இன்னும் இரண்டு நிறுத்தம்.

“‘கொஞ்சம்’னு எங்கருந்துடா வந்துச்சு?”

“என்னது?”

“கொஞ்சம் ஒட்டுதுன்னு சொன்ன. நான் கொஞ்சம்னு சொல்லவே இல்லையே.”

எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. இன்றும் தெரியாது. அந்தக் குரலில் பேச ஆரம்பித்தால் அது தானாகச் சேர்ந்துகொள்கிறது. அவர் தன் நிறுத்தத்துக்கு ஒன்று முன்னாலேயே இறங்கி மூட்டத்தில் நடந்து போனார்.

தீர்ப்பு ஐந்து வாரத்தில் வந்தது. ஒன்பது பக்கம். ஷெரிஃப் கவனமாக எழுதியிருந்தார், எங்கள் மூன்று பேரையும் நேர்மையான சாட்சிகள் என்று பாராட்டியிருந்தார். மூவரும் ஒன்றுபோலவே சொல்வதால் சந்தேகத்துக்கு இடமில்லை: திருமதி டூதி போகிற போக்கில் ஏதோ குறிப்பிட்டிருக்கிறார். கோளாறு ஒன்றைச் சரிசெய்யச் சொல்லும் புகாராக அதை எடுத்துக்கொள்ள முடியாது. அவர் கவலைப்பட்டிருந்தால் மறுபடி சொல்லியிருப்பார் என்று எதிர்பார்ப்பதே இயல்பு. வழக்குத் தள்ளுபடி.

மறுபடி சொல்லியிருப்பார். அந்த வரியை எத்தனை முறை படித்தேன் என்று கணக்கில்லை.

வில்மா வீட்டுக் கதவைப் பாதி திறந்தார். வேலை இருக்கிறது என்றார். நான் மழையைப் பற்றி ஏதோ சொன்னேன். அவர் கதவைச் சாத்தினார்.

எடின்பரோவில் மேல்முறையீடு செய்ய இருபத்தெட்டு நாள் கெடு. மிஸ் லேங் தொலைபேசியில் களைத்த குரலில் பேசினார். வாய்ப்பு மிகக் குறைவு. ஒரே ஒரு வழி, ஃபோர்மேனே முன்வந்து, அன்று என்ன சொல்லப்பட்டது, தான் அதை எப்படி எடுத்துக்கொண்டேன் என்று அதே சொல்லோடு எழுதிக் கையெழுத்துப் போட்டால், அதைக் காட்டி முயன்று பார்க்கலாம். கம்பெனி ஆள் கம்பெனிக்கு எதிராக எழுதித் தருவாரா என்று கேட்டார். தெரியாது என்றேன்.

அலிக் சொல்வதாக நானே எழுதினேன். அரைப் பக்கம்தான். பெடல் ஒட்டுவதாக வில்மா சொன்னார். உன்னைத்தான் லிப்பன் பண்ணுகிறேன் என்றார். எங்கள் ஊரில் அப்படிச் சொன்னால் அது முழுக்க என் பொறுப்பு. மறுபடி சொல்வது எனக்கு அவமானம், அதனால்தான் அவர் சொல்லவில்லை. நான் தலையாட்டினேன். செய்யவில்லை. காத்திருந்த அறையில் அவர் சொன்னதைத்தான் அப்படியே இறக்கினேன். தட்டச்சு செய்து இரண்டு பிரதி எடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்த பிறகு அலிக் வீட்டுக்குப் போனேன். மனைவி டீ கொடுத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார். என்ன விஷயம் என்று அவருக்கும் தெரிந்திருந்தது. அலிக் கண்ணாடியைத் தேடி மாட்டி, காகிதத்தை இரண்டு கையாலும் பிடித்துப் படித்தார். மெதுவாகப் படித்தார். வேலை போகலாம் என்று எச்சரித்தேன். ஓய்வுக்கு இன்னும் மூன்று வருடம் இருந்தது.

“போனாப் போகுது,” என்றார். “அவ கையப் பாக்கறப்பெல்லாம் எனக்குச் சோறு எறங்கல. போடறேன்.”

பேனா கேட்டார். கொடுத்தேன்.

பேனாவைத் திறந்தவர் கையெழுத்துக்கான இடத்துக்குப் போகவில்லை. முதல் வரிக்குப் போனார். ஒரு சொல்லை நேராகக் கோடு போட்டு அடித்தார், பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் அடிப்பது போல. அதன் மேல் சின்ன எழுத்தில் ஏதோ எழுதினார். அடுத்த வரியில் இன்னொரு கோடு.

“அலிக், என்ன பண்றீங்க?”

“சரி பண்றேன். இப்படியேவாடா கோர்ட்டுக்கு அனுப்புவ?”

“அந்த வார்த்ததான் வேணும். அது ஒண்ணுதான் வேணும்.”

“எம் பேர் போட்டுப் போற காயிதம்டா இது. எடின்பரோல படிப்பாங்க.” பொறுமையாகத்தான் சொன்னார், எனக்கு உதவி செய்கிறவரைப் போல. “நீ கவலப்படாத. விஷயம் ஒண்ணும் போகல. எல்லாம் அப்படியே இருக்கு.”

எழுந்து அவர் கையைப் பிடித்திருக்கலாம். பெரிய கை, பனியில் வெடித்தது. நான் மேஜையின் மறுபக்கம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பெடல் ஒட்டுகிறது என்பது மிதிகட்டையின் செயல்பாட்டில் சிறிது தாமதம் என்று ஆயிற்று. உன்னைத்தான் என்பது போயிற்று. வில்மா போய்த் திருமதி டூதி வந்தார், அவர் போகிற போக்கில் குறிப்பிட்டார். கடைசியில் தலையாட்டினேன் என்ற இடத்தில் பேனா சற்று நின்றது. அதை அடித்துவிட்டு, கவனத்தில் கொண்டேன் என்று எழுதினார். பிறகு முழுப் பெயரையும் போட்டார், நடுப்பெயர் உட்பட, தேதியோடு. மை காய ஊதினார்.

என்னிடம் இன்னொரு பிரதி இருந்தது. அதை எடுத்து அவர் முன்னால் வைத்து, இதில் எதையும் மாற்றாமல் கையெழுத்து மட்டும் போடுங்கள் என்று கெஞ்சினேன். சரி சரி என்றார். கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டார். இந்த முறை எங்கே எதை அடிப்பது என்று தெரிந்திருந்ததால் சீக்கிரம் முடித்தார்.